‘ட்ரை’ என்றால் காய்ந்ததா? மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு வன்னியிலிருந்து ஒரு விளக்கம்

போன கார்த்திகையில், இலங்கையின் வடக்கே வன்னியில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிற எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் கிராமத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர் ட்ரை சோனில் இருக்கிறது, ஆகவே இங்கே மழை இல்லை என்று இரண்டாவது வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கொப்பியின் ஓரமெல்லாம் நனைந்து சுருண்டு கிடந்தது. முதல்நாள் இரவு முழுக்கக் கொட்டியதில் ஊர்க்குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது, அவள் வருகிற ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்திருந்தாள். அப்படி வந்த பிள்ளைதான் மழை இல்லை என்று எழுதியிருக்கிறது.

அவளில் பிழை சொல்ல முடியாது. புவியியல் புத்தகத்தில் நம் பகுதிக்கு உலர் வலயம் என்று பெயர், ஆங்கிலத்தில் அது ட்ரை சோன், அகராதியைத் திறந்தால் ட்ரை என்பதற்குக் காய்ந்த, உலர்ந்த, வறண்ட என்று மூன்று சொல் போட்டிருக்கும். மூன்றையும் கூட்டிப் பார்க்கிற யாருக்கும் மழை இல்லை என்றுதான் விடை வரும். லண்டனில் இருக்கும் என் மச்சான்கூட ஒவ்வொரு முறையும் போனில் “உங்கட பக்கம் தண்ணிக்கு என்ன செய்யிறீங்கள்?” என்றுதான் தொடங்குவார். படித்தவர்கள் கூடுகிற கூட்டங்களிலும் “ட்ரை சோன்தானே” என்று ஒற்றைச் சொல்லில் கதையை முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்த ‘ட்ரை’யைப் பற்றியது. வாசிப்பதற்கு இலக்கணம் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. கொடியில் காயும் சாரத்திலிருந்து தொடங்குவோம்.

கொடியில் சாரம், வீதியில் நெல்

சாரத்தைத் தொட்டுப் பார்க்கிறோம், ஈரம் கையில் ஒட்டவில்லை, சரி, காய்ந்துவிட்டது. இதுதான் ட்ரை என்பதன் அடிப்படைப் பொருள்: தண்ணீர் இல்லை. ஆங்கிலக் குழந்தைகளும் முதலில் இதைத்தான் கற்றுக்கொள்கின்றன.

ஆனால் தண்ணீர் ‘இல்லை’ என்றால் எவ்வளவு இல்லை? அறுவடை முடிந்த கையோடு ஏ9 வீதியோரம் நெல்லைப் பரப்பிவிட்டு, கால்களால் கோடு கிழித்துக் கிழித்து நடக்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். நெல்மணி ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்து, அது நொறுங்குகிற விதத்தை வைத்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதானால் பல்லை நம்ப மாட்டார்கள், மீற்றர் வைத்துப் பார்ப்பார்கள். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே போகக்கூடாது. அதாவது நூறு கிலோ ‘காய்ந்த’ நெல்லுக்குள் பதினான்கு கிலோ வரை தண்ணீர் இருக்கலாம், அப்போதும் அது ட்ரை. அதே 14 வீத ஈரம் பிஸ்கற்றுக்குள் இருந்தால் நமத்துப்போச்சு என்று தூக்கி எறிவோம்.

(இந்தக் கணக்கு வியாபாரத்திலும் உதவும். 20 வீத ஈரத்தோடு இருக்கிற நூறு கிலோ பச்சை நெல்லை 14 வீதத்துக்குக் காயவிட்டால் மிஞ்சுவது ஏறத்தாழ 93 கிலோ. அந்த ஏழு கிலோவை யாரும் திருடவில்லை, வெயில் கொண்டுபோய்விட்டது.)

ஆகவே ட்ரை என்ற சொல்லுக்குச் சொந்தமாக ஓர் அளவுகோல் கிடையாது, பின்னால் வருகிற பெயர்தான் கோலைக் கொண்டுவருகிறது. பெரிய நெத்தலியும் சின்னச் சுறாவும் மாதிரி. பெரிய நெத்தலி சின்னச் சுறாவைவிடச் சிறியதுதான், ஆனாலும் அது பெரியது. இப்படிப் பக்கத்துச் சொல்லைப் பார்த்து அளவு மாறுகிற பெயரடைகளை ஒப்பீட்டுப் பெயரடைகள் என்று வைத்துக்கொள்வோம். பெயரடை என்பது பள்ளிக்கூடத்தில் அட்ஜெக்டிவ் என்று சொல்லித் தருவது, ஒரு பெயருக்கு முன்னால் நின்று அது எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ட்ரை என்றால் ஈரம் குறைவு, எவ்வளவு குறைவு என்பதைப் பொருள் தீர்மானிக்கும்.

எது இல்லை என்று கேளுங்கள்

இனித்தான் விஷயம் சுவாரசியமாகிறது. ட்ரை என்பது தண்ணீரோடு மட்டும் நின்றுவிடுகிற சொல் கிடையாது. வழக்கமாக இருக்கவேண்டிய ஒன்று, அல்லது இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிற ஒன்று இல்லையென்றால், அங்கேயும் ஆங்கிலேயர் இந்தச் சொல்லைத்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதனால் ட்ரை என்று எங்கே கண்டாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே எது இல்லை?

ட்ரை கஃப் என்கிறார் டொக்டர். இருமலில் சளி இல்லை. இதற்கு நம்மிடம் வறட்டு இருமல் என்று கச்சிதமான சொல் இருக்கிறது. ட்ரை ரோஸ்ற் என்றால் வாட்டிய பாணில் பட்டர் இல்லை. ட்ரை கவ் என்பதைக் ‘காய்ந்த மாடு’ என்று யாராவது மொழிபெயர்த்தால் மெலிந்து எலும்பு தெரிகிற மாடுதான் கண்ணுக்குள் வரும். உண்மையில் அது கொழுத்த மாடாகவும் இருக்கலாம். அங்கே இல்லாதது பால். அடுத்த கன்று போடுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னதாகவே கறப்பதை நிறுத்தி மாட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள், அந்தக் காலத்துக்குக் கால்நடை வைத்தியத்தில் ட்ரை பீரியட் என்று பெயர். கப்பல் திருத்தும் ட்ரை டொக்கில் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள், கப்பல் தரையில் நிற்கும். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கிக் கட்டும் மதிலும் ட்ரைதான், அது மழையில் நனைந்துகொண்டு நின்றாலும்கூட.

ட்ரை வைன் என்பது பலரைக் குழப்புகிற ஒன்று. திரவம் எப்படி ஐயா காய்ந்ததாக இருக்கும்? இதற்கு வன்னியில் பனை மரத்தடிக்குப் போனாலே விளக்கம் கிடைத்துவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசி இறக்கினால் கருப்பணி, நல்ல இனிப்பு. சுண்ணாம்பு பூசாமல் விட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற மதுவம் என்ற நுண்ணுயிர் அந்த இனிப்பைத் தின்று மதுசாரமாக மாற்றிவிடும், அதுதான் கள்ளு. நேரம் போகப்போக இனிப்புக் குறையும். காலையில் இறக்கியதற்கும் பின்னேரம் மிஞ்சியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குடிக்கிறவர்களிடம் கேட்டால் தெரியும். திராட்சைச் சாறு வைனாவதும் இதே வழியில்தான். சீனியில் மிகப் பெரும்பகுதியை மதுவம் முடித்துவிட்டால் அது ட்ரை வைன், சீனி மிஞ்சியிருந்தால் ஸ்வீற் வைன். ஆகவே வைனைப் பொறுத்தவரை ட்ரை என்பதன் எதிர்ச்சொல் ஈரம் அல்ல, இனிப்பு. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும், ஏனென்றால் ட்ரைக்கு நிரந்தரமான எதிர்ச்சொல் ஒன்று கிடையாது. எது இல்லையோ அதுவே எதிர்ச்சொல்.

மதுவே இல்லையென்றாலும் ட்ரைதான். போயா தினத்தில் நம் நாட்டில் மதுக்கடைகள் பூட்டு, இந்தியாவில் அப்படியான நாளை ட்ரை டே என்பார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தபோது அதை ஆதரித்தவர்களுக்கு ட்ரை என்றும் எதிர்த்தவர்களுக்கு வெற் என்றும் பெயர் இருந்தது. மழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஈரமாக இருக்கிற ‘ட்ரை’கள்

எது இல்லை என்ற கேள்வி எவ்வளவு தூரம் உதவும் என்பதை அறிய, தொட்டால் ஈரமாக இருக்கிற, ஆனால் பெயரில் ட்ரை ஒட்டியிருக்கிற பொருட்களைப் பார்க்கவேண்டும்.

ரோச் லைற்றுக்குப் போடுகிற பற்றரியை எடுங்கள். ஆங்கிலத்தில் அது ட்ரை செல், பாடப்புத்தகத்தில் உலர் மின்கலம். பழையதை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கறுப்பாக ஈரக் களி இருக்கும். 1866இல் பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சே என்பவர் செய்த மின்கலம் ஒரு கண்ணாடிச் சாடி, அதற்குள் உப்புக் கரைசல் ததும்பிக்கொண்டிருக்கும், சரித்தால் ஊற்றுப்படும். பிறகு 1880களில் ஜேர்மனியில் காஸ்னர் என்பவர் அந்தக் கரைசலைக் களியாக்கி நாகக் கிண்ணத்துக்குள் அடைத்துவிட்டார். சரித்தாலும் தலைகீழாக வைத்தாலும் சிந்தாது. ஆக அங்கே இல்லாதது ஈரமல்ல, ததும்புகிற திரவம். ஈரமே இல்லாமல் போனால் பற்றரி வேலை செய்யாது, அந்த ஈரத்துக்குள்ளால்தான் மின்னேற்றம் நகரவேண்டும். உலர் மின்கலம் உண்மையிலேயே உலர்ந்தால் செத்துப்போகும் என்பது நல்ல வேடிக்கை. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், இங்கே பற்றரிக்குத் தடை இருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு, ஒரு பற்றரியின் அருமையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ட்ரை கிளீனிங் இன்னொன்று. சேலையைத் தண்ணீரே படாமல் தூசி தட்டித் தருவார்கள் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே துணியை ஒரு திரவத்துக்குள் போட்டு நன்றாக அலசித்தான் எடுக்கிறார்கள். அந்தத் திரவம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் ஒரு கரைப்பான், தண்ணீர் அல்ல. தண்ணீர் இல்லை, ஆகவே ட்ரை. ட்ரை ஐஸ் என்பது மேடையில் புகை விடுவதற்குப் பயன்படுத்துகிற உறைந்த காபனீரொட்சைட்டு. சாதாரண ஐஸ் உருகி மேசையை நனைக்கும், இது உருகுவதே இல்லை, மறை 78 பாகை செல்சியஸ் அளவில் திண்மத்திலிருந்து நேரே வாயுவாகப் போய்விடும். இடையில் வரவேண்டிய திரவம் இல்லை.

இனி நமக்கு மிகவும் பழக்கமான ட்ரை ரேஷன். நிவாரணப் பட்டியல்களில் உலருணவுப் பொதி என்று எழுதுவார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, அதோடு ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய். எண்ணெய் எப்போது உலர்ந்தது? இங்கே இல்லாதது சமையல். சமைத்த சாப்பாட்டுப் பார்சலுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற சொல் இது: சாமானைத் தருகிறோம், அடுப்பு உங்கள் பொறுப்பு. வெள்ளத்தில் அடுப்பும் விறகும் போன வீட்டுக்கு உலருணவுப் பொதி கொடுத்தால் என்ன நடக்கும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். சொல்லின் பொருள் புரியாமல் போனால் வயிறு காய்கிற இடம் அது.

மறுபடி சுருக்கமாக: பொருளைத் தொட்டுப் பார்த்து ட்ரையைப் புரிந்துகொள்ள முடியாது. எதற்குப் பதிலாக, எதிலிருந்து பிரித்துக் காட்ட அந்தப் பெயரை வைத்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

‘வெரி’ போட்டுப் பாருங்கள்

பெயரடைகள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. ஒன்று விவரிப்பது, இந்தப் பொருள் இப்போது இப்படி இருக்கிறது என்று சொல்வது. மற்றது வகைப்படுத்துவது, இந்தப் பொருள் இன்ன இனத்தைச் சேர்ந்தது என்று பெயர்ப்பலகை மாட்டுவது. நம்மிடமும் இது உண்டு. சிவப்புச் சேலை என்பது விவரிப்பு. சிவப்பரிசி என்பது வகை, அது மெய்யாகவே சிவப்பா, கபிலமா என்று யாரும் நிறம் பிடித்துப் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்தில் இரண்டையும் பிரித்துக் காண ஒரு சின்னத் தந்திரம்: முன்னால் ‘வெரி’ என்ற சொல்லைப் போடுங்கள். வெரி ட்ரை ஸ்கின், மிகவும் வறண்ட தோல், சரியாக இருக்கிறது. வெரி ட்ரை வைன், அதுவும் சரி. வெரி ட்ரை கிளீனிங்? வெரி ட்ரை செல்? மாட்டுக்கு வெரி ட்ரை கவ் என்று சொன்னால் மாடே திரும்பிப் பார்க்கும். ‘வெரி’ ஒட்டாத இடங்களில் ட்ரை என்பது பெயர்ப்பலகை. பலகையை விவரிப்பாக வாசிக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ட்ரை சோன் எந்தப் பக்கம் என்பதை நீங்களே ஊகித்துவிட்டிருப்பீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

ட்ரையும் ட்ரைடும் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ட்ரைட் என்றால் யாரோ, அல்லது வெயில், காயவைத்தது. ட்ரை என்றால் இப்போதைய நிலை, எப்படி வந்தது என்ற வரலாறு அதில் இல்லை. கருவாட்டுக்கு அங்கே ட்ரைட் ஃபிஷ் என்பார்கள், நாமோ ட்ரை ஃபிஷ் என்று பலகை எழுதிக் கடைகளில் தொங்கவிட்டிருக்கிறோம். அது நம் நாட்டு ஆங்கிலம், அதற்காக வெட்கப்படவேண்டியதில்லை, ஆனால் வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடையில் மீன் ட்ரையாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், அதிகமாக வேகவைத்துச் சாறு போய்விட்டது என்ற முறைப்பாடாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சிரிக்காமல் சொல்கிற பகிடி

ட்ரை ஹியூமர் என்பதை வறட்டு நகைச்சுவை என்று மொழிபெயர்ப்பவர்கள் அதைக் கொன்றுவிடுகிறார்கள், ஏனென்றால் தமிழில் வறட்டு என்றாலே ஒரு குறை. ஆங்கிலத்தில் அது பாராட்டு. சிரிப்பு முகத்தில் இல்லை, குரலில் இல்லை, சொல்லில் மட்டும் ஒளிந்திருக்கிறது என்பதுதான் பொருள்.

ஒருநாள் கிளிநொச்சிக்குப் போகிற பஸ் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தது. வந்த வேகத்தில் நடத்துனர் “கெதியா ஏறுங்கோ, கெதியா, நேரம் போகுது” என்று சத்தம் போட்டார். எனக்கு முன்னால் நின்ற வயதானவர் ஒருவர், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், “ஓம் தம்பி, நாங்கள்தான் உங்களை மினக்கெடுத்திப் போட்டம்” என்று சொல்லிக்கொண்டு ஏறினார். பின்னால் நின்றவர்களுக்குச் சிரிப்பு வர நாலைந்து நொடி பிடித்தது. இதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த அகராதியிலும் கிடைக்காது.

ஒரு பேச்சையோ புத்தகத்தையோ ட்ரை என்றால் கதை மாறிவிடும். அங்கே இல்லாதது சுவை, கொட்டாவி வருகிறது என்று பொருள். ட்ரை ரன் என்பது ஒத்திகை, உண்மையான நிகழ்வு இல்லை. இவ்வளவு போதும், இந்தப் பட்டியலுக்கு முடிவே இல்லை.

நம்மிடம் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை, நல்லது

ட்ரைக்குச் சரியான தமிழ் என்ன என்று பிள்ளைகள் கேட்கும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம் வரும், ஏனென்றால் பதில் சொல்லத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் போகும். காய்தல், உலர்தல், வறள்தல், வற்றுதல், வாடுதல் எல்லாம் வேறு வேறு. துணி காயும், குளம் வற்றும், நிலம் வறளும், இலை வாடும். குளம் காய்ந்தது என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், துணி வற்றியது என்று சொன்னால் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

இன்னும் கவனித்தால், ஆங்கிலம் இல்லாததை வைத்துப் பெயர் சொல்லும் இடத்தில் தமிழ் பலவேளை இருப்பதை வைத்துப் பெயர் சொல்கிறது. காய்ந்த மிளகாய்க்கு நாம் வைத்திருக்கும் பெயர் செத்தல். காயவிட்ட மீன் கருவாடு. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், இரண்டையும் ட்ரைட் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால் கூழ் காய்ச்சுகிற அம்மாமார் சண்டைக்கு வருவார்கள். மழைக்கு முன்னரே ஈரமில்லாத வயலில் விதைப்பதை ஆங்கிலத்தில் ட்ரை சோயிங் என்கிறார்கள். வன்னி விவசாயிக்கு அது புழுதி விதைப்பு. ஆங்கிலம் அங்கே ஈரம் இல்லை என்கிறது, தமிழ் அங்கே புழுதி இருக்கிறது என்கிறது. வயல் ஒன்றுதான், பார்த்த கண் வேறு.

ஆனால் இல்லாமையைச் சொல்லும் சொற்கள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. ‘வெறும்’ என்ற சொல்லைப் பாருங்கள். வெறும் பாண், வெறும் சோறு, வெறும் தேத்தண்ணி. வெறும் தேத்தண்ணி என்றவுடன் பால் இல்லை என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொள்கிறோம், கோப்பைக்குள் எதுவும் இல்லை என்று யாரும் நினைப்பதில்லை. ட்ரை ரோஸ்ற் விளங்கவேண்டுமானால் வெறும் பாணை நினைத்தால் போதும். வறட்டுக் கௌரவம் என்கிறோம், அதில் கௌரவத்துக்குப் பின்னால் இருக்கவேண்டிய வசதி இல்லை. காய்ந்த மாடு கம்பிலே விழுந்தது என்ற பழமொழியில் காய்ந்தது மாட்டின் தோலல்ல, வயிறு. ஆகவே ஆங்கிலேயரின் இந்தப் பழக்கம் நமக்கு ஒன்றும் புதிதல்ல, அவர்கள் ஒரே சொல்லில் செய்வதை நாம் நாலைந்து சொல்லில் பிரித்துச் செய்கிறோம், அவ்வளவுதான்.

சரி, ட்ரை சோனில் எது இல்லை?

இலங்கையை மழையளவை வைத்து மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஆண்டுச் சராசரி மழை 2500 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் ஈர வலயம், 1750க்குக் கீழ் என்றால் உலர் வலயம், நடுவில் இருப்பது இடை வலயம். தீவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர் வலயத்துக்குள்தான் இருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் எல்லாம் அதற்குள் அடங்கும்.

இப்போது நெத்தலியையும் சுறாவையும் மறுபடி நினையுங்கள். 1750க்குக் கீழ் என்பது குறைவுதான், ஆனால் எதனோடு ஒப்பிட்டு? ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற இரத்தினபுரியோடு. மன்னார்க் கரையோரத்தை விட்டுப் பார்த்தால் வன்னியின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மச்சான் இருக்கிற, எப்போதும் குடையோடு திரிகிற லண்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600. இதைச் சொன்ன அன்று அவர் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்படியானால் இங்கே எது இல்லை? மழை இருக்கிறது, மழை பரந்து பெய்வது இல்லை. லண்டனின் 600 மில்லிமீற்றரும் ஆண்டு முழுக்கத் தூறலாகப் பிரிந்து விழுகிறது. நம்முடையதோ பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. முதலில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்கள், பிறகு வடகீழ்ப் பருவக்காற்று. அந்த மூன்று நான்கு மாதத்தில் வெள்ளமே வரும். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, அதுவும் இதே ட்ரை சோனுக்குள்தான்.

மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவது உண்மை. ஆனால் மத்திய மலைநாட்டில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, மழையை அந்தப் பக்கச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்று சூடாகி, ஈரம் போனதாக வந்து சேர்கிறது. நாம் சோளகம் என்று சொல்கிற காற்று அது. அது தரையில் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும், அந்த மாதங்களில் பெய்வதைவிட ஆவியாவது பல மடங்கு. இல்லாதது இதுதான்: சிறுபோகத்துக்கு, அதாவது இந்த மாதங்களில் செய்கிற நெற்செய்கைக்கு, வேண்டிய மழை.

இதை விளங்கிக்கொண்டால் குளங்கள் ஏன் இருக்கின்றன என்பதும் தானாக விளங்கிவிடும். மழையே இல்லாத ஊரில் குளம் கட்டி என்ன பயன்? கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு, பாலி ஆற்றில் வவுனிக்குளம், பேராற்றில் முத்தையன்கட்டு, அருவியாற்றுத் தண்ணீரை வாங்கும் மன்னார்க் கட்டுக்கரைக் குளம் எல்லாம், மழைக்காலச் செய்கையான காலபோகத்தில் அளவுக்கு மிஞ்சி வருவதைப் பிடித்து வைத்துச் சிறுபோகத்தில் செலவழிக்கிற ஏற்பாடு. தண்ணீரை இடத்துக்கு இடம் கொண்டுபோவதைவிட மாதத்துக்கு மாதம் கொண்டுபோவதுதான் குளத்தின் முதல் வேலை. இங்கே வறட்சித் திட்டம் போட வருகிறவர்கள் வெள்ளத்துக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்காமல் விடுவதற்கும், வெள்ளத்துக்கு வருகிறவர்கள் ஆடி மாதத்தை மறந்துவிடுவதற்கும் இந்தப் பெயரடையின் மேல் கொஞ்சமாவது பழி போடலாம் என்பது என் எண்ணம்.

காட்டைப் பார்த்தாலும் இதே புதிர். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற நம் காடுகளுக்கு அறிவியலில் இருக்கிற பெயர் உலர் கலப்பு என்றும்பசுங்காடு. உலர், அதே மூச்சில் என்றும் பசுமை. பலகையை விவரிப்பாக வாசித்தால் இது பைத்தியக்காரப் பெயர். எது இல்லை என்று கேட்டால் சரியாகிவிடும்: மேலே சில மாதம் மழை இல்லை, கீழே வேர் ஆழத்தில் ஈரம் இருக்கிறது.

தமிழ்ப் பெயர் வைத்தவர் நினைத்துச் செய்தாரோ இல்லையோ, ‘உலர்ந்த வலயம்’ என்று வைக்காமல் ‘உலர் வலயம்’ என்று வைத்ததற்கு நான் அவருக்கு நன்றி சொல்வேன். உலர்ந்த என்றால் முடிந்த கதை, எப்போதோ காய்ந்து கிடக்கிறது. உலர் வலயம் என்பதை நம் இலக்கணத்தில் வினைத்தொகையாகக் கொள்ளலாம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி, காலம் வெளியே தெரியாமல் மூன்று காலமும் உள்ளே அடங்கியிருக்கும் தொடர். உலர்ந்த வலயம், உலர்கின்ற வலயம், உலரும் வலயம். நனைந்து, பிறகு உலர்ந்து, மறுபடி நனைகிற நிலம் என்று வாசிக்க அதில் இடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் ட்ரை சோனில் அந்த இடம் இல்லை.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. எது இல்லை என்று மட்டும் கேட்டேன். வெளியே எட்டி முற்றத்து வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, “மழை இருக்குத்தானே, பிறகு வைகாசியில இருந்து இராது” என்றாள். அதையே எழுது என்றேன். எங்கள் ஊர் ட்ரை சோனில் இருக்கிறது, மே முதல் செப்ரெம்பர் வரை இங்கே மழை மிகக் குறைவு, அந்த மாதங்களுக்குக் குளம் இருக்கிறது என்று மூன்று வரியில் திருத்தி எழுதினாள். ட்ரை என்பதன் கடைசி எழுத்து ‘வை’, ‘இன்னும் ட்ரை’ என்று ஒப்பிடும்போது அது ‘ஐ’யாக மாறும் என்று போன கிழமை படிப்பித்ததை அரைகுறையாக நினைவில் வைத்து, ட்ரை சோனுக்கும் ‘ஐ’ போட்டே எழுதியிருந்தாள். அதற்கு அரைப் புள்ளி குறைத்தேன்.